மருமகனின் நெஞ்சு நோவு

என் மருமகனை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. ஆட்களுக்கு முன்னால் அவர் என்றுதான் சொல்வேன். முகத்துக்கு நேரே நீர் என்பேன். இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

மகள் போனில் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பாங்கில் வேலை பார்த்தவன். சட்டை மடிப்புக் கலையாத வேலை. நான் வேண்டாம் என்றேன். மகள் கேட்கவில்லை. கலியாணம் முடிந்து, விசாவும் வந்து, லண்டன் குட்மேய்சில் என் வீட்டு மேல்மாடிப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். அவன் படித்த படிப்புக்கு இங்கே ஒருவரும் கதவு திறக்கவில்லை. கடைசியில் என்னோடு வேலைக்கு வந்தான்.

நான் டைல்ஸ் பதிக்கிறவன். ஜெர்மனியில் பழகிய தொழில். பிள்ளைகளின் படிப்புக்காக அங்கிருந்து லண்டனுக்கு வந்த பிறகும் அதே தொழில்தான். குளியலறை, குசினி, நடை. நாள் முழுக்க முழங்காலில் நிற்கிற வேலை. முழங்காலுக்குக் கட்டுகிற மெத்தை கடையில் விற்கிறார்கள். நான் கட்டியதில்லை. அவன் முதல் கிழமையே ஒரு சோடி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“என்ன பாங்க் மனேச்சர், கிரிக்கெட் விளையாடப் போறீரோ?” என்று கேட்டேன்.

அடுத்த நாள் அவன் அதைக் கட்டவில்லை. பிறகு ஒருநாளும் கட்டவில்லை. அப்படி ஒரு ரோசக்காரன்.

ரோசம் எனக்கும் இருக்கிறது. வேலைக்குப் போகிற வானில், எவ்வளவு தூரம் ஓடினாலும், இரண்டு பேரும் கதைக்கமாட்டோம். அவன் காதுக்குள் எதையோ செருகிக்கொள்வான். நான் ரேடியோவைக் கூட்டிவிடுவேன்.

கந்தசஷ்டி வந்தது. மகளுக்கும் அவனுக்கும் பிள்ளை இல்லை. ஒன்று வயிற்றில் தங்காமல் போனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. என் மனிசி இரண்டு பேரையும் விரதம் பிடிக்கச் சொன்னாள். மகளுக்குக் கந்தோரில் இருந்து செய்கிற வேலை. பகல் பட்டினி கிடந்து பின்னேரம் பாலும் பழமும் எடுப்பாள். அவன் மட்டும் தன் தாய் பிடிக்கிற மாதிரித்தான் பிடிப்பேன் என்று நின்றான். அது கடும் விரதம். விடிய முழுகிக் கும்பிட்டுவிட்டு மிளகும் ஒரு கைத் தண்ணீரும். கை என்றால் உள்ளங்கையில் ஏந்துகிற அளவு. மிளகு நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டு போகும். தண்ணீர் அதே ஒரு கைதான். அதற்குப் பிறகு அடுத்த விடியல் வரை ஒன்றும் இல்லை.

“சஷ்டி முடியும் மட்டும் வீட்டிலை நில்லும்,” என்றேன். “பட்டினியோடை வந்து என்ரை வேலையைக் கெடுக்காதையும்.”

“வருவன் மாமா. நீங்கள் கோழி திண்டு செய்யிற வேலையை நான் பட்டினியிலை செய்வன்.”

செய்தான். மெதுவாகச் செய்தான். ஆனால் செய்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மோர்டனில் ஒரு வீட்டு மேல்மாடிக் குளியலறை. காலையில் வானில் ஏறும்போதே நெஞ்சைத் தடவினான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். டைல்ஸ் ஒட்டுகிற பசைத்தூள் பை இரண்டை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. முதல் பையை ஏற்றிவிட்டான். நான் அதைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். இரண்டாவது பை வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பாதிப் படியில் பையை வைத்து அதன்மேல் இருந்தான்.

“என்ன?”

“நெஞ்சு நோகுது.”

“எவ்விடத்திலை?”

நடு நெஞ்செலும்பில் கையை வைத்தான்.

“பை தூக்கினது பிடிச்சிருக்கும். எழும்பும்.”

“இல்லை மாமா, நேற்றே தொடங்கினது. படுத்தால் கூடுது. எச்சில் விழுங்க உயிர் போகுது.”

“அப்ப எச்சில் விழுங்காமல் இரும்.”

பகிடிக்குச் சொல்லவில்லை. கோபத்தில்தான் சொன்னேன். கலக்கிய பசை இறுகிக்கொண்டிருந்தது. அவன் எழும்பவில்லை. முகம் வெளிறியிருந்தது. வெளியே குளிர், இவன் நெற்றியில் வேர்வை. மனிசிக்குப் போன் எடுத்து அவனுக்கும் கேட்கிற மாதிரிப் பிடித்தேன்.

“வெறும் வயித்திலை வாயு ஏறியிருக்கும்,” என்றாள். “ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ.”

“விரதம் மாமி, ஏலாது,” என்றான் அவன்.

“அப்ப இஞ்சேருங்கோ, அவரின்ரை முதுகை ஒருக்காத் தடவி விடுங்கோ.”

நான் அவன் முதுகைத் தடவுவதா? போனை வைத்துவிட்டேன்.

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். “எங்கடை அப்பாவுக்கும் இப்பிடித்தான்.”

அந்தக் கதை எனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது காதில் விழுந்தது. நான் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். தகப்பன் நாற்பது தாண்டிய கையோடு சந்தையில் சைக்கிளைப் பிடித்தபடியே விழுந்து செத்த மனிசன். காலையில் நெஞ்சு நோகுது என்றாராம். வாயு என்று சொல்லி உள்ளிப்பூடு கொடுத்தார்களாம்.

எனக்கு மகளின் முகம்தான் வந்தது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை. வான் திறப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.

“ஏறும்.”

“எங்கை?”

“ஆஸ்பத்திரிக்கு. என்ரை வேலையிடத்திலை விழுந்து செத்து எனக்குத் தலையிடி தராதையும்.”

“செத்தாலும் உங்களுக்கு வேலை கெட்டுப்போச்சு எண்டதுதான் கவலை.”

“ஓம். பசையைக் கலந்தாச்சு.”

அவசரப் பிரிவில் நெஞ்சு நோவு என்றதும் உடனே உள்ளே எடுத்தார்கள். நெஞ்சு முழுக்கப் பட்டி ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். பிறகு திரைச்சீலை போட்ட ஒரு கட்டிலில் விட்டார்கள். டாக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும். சிரிப்பில்லாத முகம். வேகமான இங்கிலிசு. விசாவுக்கு எழுதிய பரீட்சைக்குப் படித்த இங்கிலிசு இவனுடையது. நோவில் அதுவும் போய்விட்டது. டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் மாமன் என்றேன். அப்படியானால் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

எப்போது தொடங்கியது என்று கேட்டாள். நேற்று என்றேன். கைக்கோ தாடைக்கோ நோவு போகிறதா? இல்லை என்றேன். பாரம் தூக்கினாரா? ஓம் என்றேன். புகைப்பாரா? இல்லை. மருந்து ஏதும் எடுக்கிறாரா? இல்லை. ஒன்றையும் அவனிடம் கேட்கவில்லை. என் வீட்டில் இருக்கிறவன், எனக்குத் தெரியாதா என்று இருந்தேன்.

கொக்கெயின் எடுப்பாரா என்று கேட்டாள். இந்த வயதில் நெஞ்சு நோவோடு வருகிற எல்லாரிடமும் கேட்பதுதானாம்.

“நோ,” என்றேன்.

அவரிடம் கேளுங்கள் என்றாள்.

திரும்பினேன். “நீர் தூள் அடிக்கிறனீரோ?”

“என்ன தூள்? பசைத்தூளோ?”

“கொக்கெயின்.”

“நீங்கள் தாற சம்பளத்திலையோ?”

“நோ,” என்றேன் திரும்பவும்.

அவர் அதைவிடக் கூடச் சொன்னாரே என்றாள் டாக்டர். வாய் கூடின ஆள் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, என்ன செய்தால் நோவு கூடுகிறது என்று கேட்டாள். இதை அவனிடம் கேட்டேன். அவன் நிறையச் சொன்னான். படுத்தால் இப்படி, இருந்தால் அப்படி, எச்சில் விழுங்கினால் நெஞ்சுக்குள் நெருப்பு என்று. வேலை செய்தால் கூடுகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். படித்த ஒரு டாக்டரிடம் எச்சிலைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அவள் பேனையை மூடினாள். போனில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கப் போகிறேன், நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றாள்.

நான்தான் கூட்டிவந்தேன் என்றேன். நன்றி, வெளியே என்றாள். கையையும் காட்டினாள். எனக்குக் காது சுட்டது. அவன் கட்டிலில் கிடந்தபடியே சொன்னான்.

“போங்கோ மாமா. ஒருக்கால் என்ரை வாயாலை கதைக்க விடுங்கோ.”

வெளியே என்றால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். துணிதானே. அங்கேயே நின்றேன். எல்லாம் கேட்டது. போனில் வந்தவன் இந்தியத் தமிழன்.

“வணக்கம் சார். நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். டாக்டர் கேக்கறதை அப்படியே சொல்லுவேன். நீங்க சொல்றதையும் அப்படியே சொல்லிடுவேன். எதையும் விட மாட்டேன், எதையும் சேர்க்க மாட்டேன். சரிங்களா?”

“ஓம். அப்பிடி ஒராளைத்தான் தேடினனான்.”

அது எனக்குச் சொன்னது.

“வலி எப்படி இருக்குது சார்?”

“எரியிற மாதிரி. விழுங்கேக்கை கூட. படுத்தாலும் கூட. கைக்குக் காலுக்கு ஒண்டும் போகேல்லை.”

டாக்டரின் குரல் மாறியது. விழுங்குவதைப் பற்றித் திரும்பவும் கேட்டாள்.

“எதை முழுங்கினா வலிக்குது? சாப்பாடா, தண்ணியா?”

“சாப்பாடு இல்லை, விரதம். எச்சில்தான். மாமாவிட்டைச் சொன்னனான்.”

போன்காரன் சொன்னபடியே செய்தான். மாமாவிடம் சொன்னாராம் என்பதையும் விடாமல் இங்கிலிசில் சொன்னான்.

“மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?”

 அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஓம். முழங்காலுக்கு.”

“முழங்காலுக்கு என்ன ஆச்சு?”

“முழங்காலிலை நிண்டு வேலை செய்து வீங்கிச் சிவந்து போச்சு. டாக்குத்தரிட்டைப் போனனான். பெனிசிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு வேறை கப்சியூல் தந்தவை. அண்ணை, இதை வெளியிலை நிக்கிறவருக்குச் சொல்ல வேண்டாம் எண்டு டாக்குத்தரிட்டைச் சொல்லுங்கோ. பகிடி பண்ணுவார்.”

அதையும் போன்காரன் சொன்னான். டாக்டர் சொல்லமாட்டேன் என்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல நிலம் இல்லை. டைல்ஸ் இல்லை, உருட்டி ஒட்டிய விரிப்பு.

காற்சட்டையை உருட்டுகிற சத்தம் கேட்டது. டாக்டர் ஏதோ மெல்லச் சொன்னாள். அவன் தன் போனில் இருந்த மருந்துப் பெட்டிப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். அவள் பெயரை வாசித்தாள். டொக்சி என்று தொடங்குகிற பெயர். பிறகு கெதியாகக் கேட்டாள்.

“மாத்திரையை எவ்வளவு தண்ணியோட முழுங்கறீங்க?”

“ஒரு கை.”

“ஒரு கிளாஸா?”

“இல்லை அண்ணை. கை. உள்ளங்கை. விடிய மிளகோடை குடிக்கிற தண்ணி. அதோடையே கப்சியூலையும் போடுவன். வேறை தண்ணி குடிக்கேலாது.”

போன்காரன் அதை டாக்டருக்குச் சொல்லாமல் இவனையே கேட்டான்.

“சஷ்டியா சார்?”

“ஓம்.”

“முருகா,” என்றான். எதையும் சேர்க்கமாட்டேன் என்றவன். பிறகு டாக்டருக்கு நீளமாக விளக்கினான். நான் திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். டாக்டர் தன் உள்ளங்கையைக் குழித்து, இவ்வளவா என்று காட்டினாள். அவன் அதிலும் குறைத்துக் காட்டினான்.

“முழுங்கினப்புறம் என்ன செய்வீங்க?”

“திரும்பப் படுப்பன். மாமா கீழையிருந்து கத்தும் மட்டும்.”

டாக்டர் திரைச்சீலையை இழுத்தாள். நான் அங்கேயே நின்றேன்.  உள்ளே வாருங்கள் என்று தலையை ஆட்டினாள். போன் இன்னும் கட்டிலில் கிடந்தது. அவள் சொன்னதைப் போன்காரன் சொன்னான். அந்தக் கப்சியூல் தண்ணீர் போதாமல் உணவுக்குழாயில் நடுவழியில் ஒட்டிவிட்டது. படுத்ததால் அங்கேயே நின்றது. நின்ற இடத்தில் கரைந்து சதையைச் சுட்டுவிட்டது. தினமும் அதே இடம். அது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பதால் இருதயம் மாதிரி நோகிறது. ஈசிஜி நல்லது. படம் நல்லது. முதல் ரத்தமும் நல்லது. ஆனாலும் தகப்பனின் கதை இருப்பதால் சில மணித்தியாலம் கழித்து இன்னொரு ரத்தம் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் இருதயம் இல்லை.

போகும்போது என்னிடம் சொன்னாள். அடுத்த முறை யாருக்கும் கேட்டுச் சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று. என் மகளின் வயது. 

காத்திருந்தோம். அவன் காற்சட்டையை இறக்க மறந்துவிட்டான். முழங்கால் தோடம்பழம் மாதிரி உருண்டு சிவந்திருந்தது.

“ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“சொல்லி?”

“மெத்தையைக் கட்டியிருக்கலாம்.”

“நீங்கள் அந்தக் கிரிக்கெட் கதை சொன்னதுக்குப் பிறகோ?”

“நான் சொல்லுறதெல்லாம் கேக்கிற ஆளோ நீர்? கலியாணம் வேண்டாம் எண்டும்தான் சொன்னனான்.”

சிரிக்கப் பார்த்தான். நோவு விடவில்லை. நான் சிரிக்கவில்லை.

மகள் போன் எடுத்தாள். மனிசி சொல்லியிருக்க வேண்டும். அழுகிற குரல்.

“அப்பா, ஹார்ட்டா?”

“இன்னும் ஒரு ரத்தம் பாக்கினம். கப்சியூல் குளிசை உள்ளுக்கை ஒட்டினது எண்டுதான் சொல்லினம்.”

“அவரை ஏசிப் பேசாதேங்கோ அப்பா. ப்ளீஸ்.”

“நான் ஒண்டும் பேசேல்லை.”

கட்டிலில் கிடந்தவன் என்னைப் பார்த்தான். போனை அவனிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய் நடையில் நின்றேன். ஆட்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் என்னைப் பார்த்து, மகனா என்று கேட்டான். இல்லை என்றேன்.

இரண்டாம் ரத்தமும் சரியாக வந்தது. இருதயம் இல்லை என்றாள் டாக்டர். அவன் மேலே பார்த்தபடி மூச்சை விட்டான். கண் நனைந்திருந்தது. அது என் வேலை இல்லை என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்தக் கப்சியூலை இனித் தொடக்கூடாது. முழங்காலுக்கு வேறு மருந்து, தண்ணி மருந்தாகத் தருவார்கள். புண்ணுக்கு ஒரு தடித்த மருந்து. அதை இப்போதே நிமிர்ந்திருந்து குடிக்க வேண்டும். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். உடம்பு காய்ந்துபோயிருக்கிறது.

தாதி சின்னக் கோப்பையில் மருந்தும் பெரிய கிளாசில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

“நாளைக்குச் சூரன்போர்,” என்றான். “பாரணை முடியக் குடிக்கிறன்.”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டாள். போன் இல்லை. நான் சொன்னேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சூரனைச் சொன்னேன், ஆறு நாளைச் சொன்னேன். பிள்ளைக்காகப் பிடிக்கிற விரதம் என்றேன். ஒன்று தங்காமல் போனதையும் சொன்னேன். அந்தக் கதையை நான் என் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

 டாக்டர் கேட்டுவிட்டுச் சொன்னாள். புண் ஆழமாகப் போனால் ரத்தம் கசியும். குடியாமல் வீட்டுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்றாள். அவருடைய முடிவுதான், ஆனால் நான் குடிக்கத்தான் சொல்வேன் என்றாள். அதையும் அவனுக்கு விடாமல் சொன்னேன்.

“முருகன் பாத்துக்கொள்ளுவார்.”

“முருகனுக்கு வேறை வேலை இருக்கு. நாளைக்குச் சூரனை வெட்டவேணும்.”

“பகிடி வேண்டாம் மாமா. இவ்வளவு நாள் பிடிச்சாச்சு. இதிலை முறிச்சுப்போட்டு, பிறகு பிள்ளை இல்லையெண்டால்?”

 நான் கதைக்கத் தெரிந்த ஆள் இல்லை. டாக்டர் நின்றாள். தாதி நின்றாள்.

“மிச்சத்தை நான் பிடிக்கிறன்,” என்றேன். “நீர் குடியும்.”

“நீங்கள் நேற்றுக் கோழி திண்டனீங்கள்.”

“இண்டைக்கு ஒண்டும் திண்ணேல்லை. உம்மாலை.”

“கோழி திண்ட வாயாலை கந்தசஷ்டியோ?”

“நான் பிடிக்கிறன் எண்டால் பிடிப்பன். என்ரை மகளுக்கு. உமக்கில்லை.”

என் முகத்தையே பார்த்தான். என்ன பார்த்தானோ தெரியாது. பிறகு கோப்பையை எடுத்தான்.

“பிள்ளை இல்லையெண்டால் உங்களைத்தான் கேப்பன்.”

“கேளும். முதல் விழுங்கும்.”

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். மருந்து இறங்குகிற இடமெல்லாம் முகத்தில் தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்தது. தண்ணீரைப் பாதியில் நிறுத்தினான்.

“முழுக்க,” என்றேன்.

திட்டினான். காதில் விழுகிற மாதிரித்தான் திட்டினான். பிறகு மிச்சத்தையும் குடித்தான்.

தாதி வெறும் கிளாசை வாங்கிக்கொண்டாள். காலையில் இருந்து நிற்கிறீர்களே, ஒரு தேத்தண்ணி கொண்டுவரவா என்று என்னைக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.